வத்தல்மலை இறக்கமும் பெரிய வண்டியின் பிரேக்கும்

டிஸ்க் பிரேக் போட்டுவிட்டால் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் சாலையில் இனி ஒன்றும் நேராது என்றுதான் கடத்தூரில் அந்த வீட்டார் அப்போது நம்பினார்கள். ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்த மகன் சக்திவேல் அதை முழுமையாக நம்பினார். மகன் சொன்னதால் தாய் பாவாயி நம்பினார். தந்தை மாதப்பனுக்கு நம்பிக்கை பாதிதான் இருந்தது. மகனுடைய மனம் ஆறட்டும் என்று சம்மதித்தார். அந்த நம்பிக்கையை இரும்பிலும் குழாயிலும் செய்துகொடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்து சேர்ந்தது.

தருமபுரியில் சேலம் சாலையை ஒட்டிய ஒரு ஒர்க்ஷாப்பை இருபத்தாறு ஆண்டுகள் மேற்பார்த்துவிட்டு ஓய்வு பெற்றிருக்கிறேன். அங்கே இப்போது புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள், பழைய கார்களில் டிரம் பிரேக்கைக் கழற்றி டிஸ்க் பிரேக் பொருத்தும் வேலையில் நான் கண்டவற்றை எழுதித் தரும்படி கேட்டீர்கள். எந்த நட்டை எவ்வளவு முறுக்குவது, குழாயிலிருந்து காற்றை எப்படி வெளியேற்றுவது என்பவை உங்கள் கையேட்டில் இருக்கின்றன. நான் எழுதினால் அதைவிடத் தெளிவாக அமையப் போவதில்லை. அந்த வேலையில் நான் செய்த ஒரு பிழையைப் பற்றி எழுதுகிறேன். அது கையில் நடந்த பிழை இல்லை. எந்த அளவுகோலை வைத்துப் பார்த்தாலும் அந்த வண்டியில் அது தென்பட்டிருக்காது.

மாதப்பன் வத்தல்மலை ஊர்களுக்குப் போய்ச் சாமையும் கடுகும் காப்பிக்கொட்டையும் வாங்கிவந்து கடத்தூரில் விற்பவர். முப்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு டாக்டர் கைமாற்றிவிட்ட காரைத்தான் அதற்கும் வைத்திருந்தார். உருண்ட முதுகும் குண்டு விளக்குகளும் கொண்ட கறுப்புக் கார். வாங்கும்போதே அதற்கு இருபது வயது கடந்திருந்தது. பின்னிருக்கையைக் கழற்றிவிட்டு அங்கே மூட்டைகளை அடுக்குவார். முன்னிருக்கையில் பாவாயி உட்காருவார். மலையில் பேரம் பேசுவதும் தராசு பிடிப்பதும் அவர்தான். மாதப்பன் வண்டி ஓட்டுவதோடு சரி. வீட்டில் அந்தக் காருக்குப் பெரிய வண்டி என்று பெயர். மகன் வாங்கிக்கொடுத்த ஸ்கூட்டர் சின்ன வண்டி.

ஒரு நாள் தொப்பூர் கணவாயில் சேலத்தை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தபோது, பிரேக் பெடல் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே போகத் தொடங்கியது. டிரம் அளவுக்கு மீறிச் சூடேறினால் அதன் பிடிப்பு தளர்ந்துவிடும். முன்னால் நின்ற லாரிக்கு ஒரு முழம் பின்னால் வண்டி எப்படியோ நின்றது. மாதப்பன் இதை யாரிடமும் சொல்லவில்லை. பாவாயி மகனிடம் போனில் சொல்லிவிட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மூவரும் எங்கள் ஒர்க்ஷாப்புக்கு வந்தார்கள்.

"டிஸ்க் போட்டா ஓட்டட்டும் மேடம். இல்லைன்னா இன்னைக்கே எடைக்குப் போட்டுருங்க" என்றார் சக்திவேல்.

"எடைக்குப் போடறதுன்னா என்னையும் தூக்கித் தராசுல வையி" என்றார் மாதப்பன்.

பாவாயி ஒரு ஸ்டூலில் காலை நீட்டி உட்கார்ந்து இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "பாருங்கம்மா, வண்டிக்கு இந்த வயசுல புது மூட்டு வெக்கறாங்க. எனக்கு ஒரு மூட்டு வெக்கறதுக்கு மூணு வருசமா ரோசன பண்றாரு இந்த மனுசன்."

"உனக்குப் பார்ட்ஸ் கெடைக்கல, நான் என்னா பண்றது?" என்றார் மாதப்பன். சக்திவேலுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்போடு வேலை பேசி முடிந்தது.

எங்கள் தலைமை மெக்கானிக் ஆரோக்கியம்தான் அந்த வேலையைச் செய்தார். என்னைவிட எட்டு வயது இளையவர். ஆனால் பிரேக் விஷயத்தில் நான் அவர் சொல்லைத் தாண்டியதில்லை. டிரம்மைத் திறந்ததும் உள்ளேயிருந்த லைனிங் என்ற உராய்வுப் பட்டையை என்னிடம் காட்டினார். அது கருகிக் கண்ணாடி போல மினுங்கியது.

"ஒரு நாளு வெந்த வேக்காடு இல்லீங்க மேடம் இது. பல வருசம் வெந்திருக்குது. கியர்ல எறங்க மாட்டாரு போல. நூட்ரல்ல வுட்டுத்தான் எறங்குவாரு."

"இனிமே டிஸ்க்தானே. தாங்கும்" என்றேன்.

என் பிழை அந்த இடத்தில் தொடங்கியது. ஆரோக்கியம் உலோகத்தைப் பார்த்து அந்த மனிதருடைய பழக்கத்தைப் படித்துச் சொன்னார். நான் பதிலுக்கு வேறொரு உலோகத்தைப் பற்றிப் பேசினேன்.

டிரம் பிரேக்குக்கு ஒரு குணம் உண்டு. சக்கரம் சுழலும் வேகமே, உள்ளே டிரம்மின் மீது அழுந்தும் ஷூ என்ற வளைந்த தகட்டை மேலும் இறுக்கித் தரும். ஆகையால் மிதிப்பவருடைய காலுக்கு உதவி தேவைப்படாது. டிஸ்க்குக்கு அந்தக் குணம் இல்லை. அதை இறுக்கிப் பிடிக்கக் கூடுதல் விசை வேண்டும். அதற்காகவே பெடலுக்கு முன்னால் பூஸ்டர் என்ற வட்டப் பெட்டியைச் சேர்க்கிறோம். எஞ்சின் ஓடும்போது உண்டாகும் வெற்றிடத்தை வைத்து அது வேலை செய்கிறது. எஞ்சின் நின்றால் மிச்சமிருக்கும் வெற்றிடம் இரண்டு மூன்று மிதிக்கு வரும். அதன்பின் பெடல் இறுகிவிடும். பல மடங்கு பலத்தோடு மிதித்தால்தான் வண்டி நிற்கும். இது எங்கள் எல்லோருக்கும் அத்துப்படி. அதனாலேயே வண்டிக்காரரிடம் இதைச் சொல்ல வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

வேலை முடிந்த நாளில் மாதப்பனையே ஓட்டச் சொல்லி நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். பைபாஸ் சாலையில் எட்டு கிலோமீட்டர் போய்த் திரும்பினோம். மேடு பள்ளமில்லாத நல்ல சாலை. ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும் அவர் முகத்தில் வியப்பு கூடிக்கொண்டே போனது.

"கால வெச்சாலே நிக்குதுங்க. மலையில எறங்கறப்பவும் இப்பிடியே நிக்குமுங்களா?"

"இதவிட நல்லாவே நிக்குங்க ஐயா."

அவர் கேட்டது வண்டியைப் பற்றி என்று எடுத்துக்கொண்டு வண்டிக்குப் பதில் சொன்னேன். 'நீங்க எப்படி எறங்குவீங்க?' என்று திருப்பிக் கேட்டிருக்க வேண்டும். மூன்றே சொற்கள்தான். அதற்குப் பிறகு எத்தனையோ முறை அவற்றை மனத்துக்குள் சொல்லிப் பார்த்திருக்கிறேன்.

ஒன்றரை மாதம் கழித்து ஒரு வியாழக்கிழமை பகலில் தொலைபேசி வந்தது. பிரேக் மாற்றியபின், அறுவடை தொடங்கி அன்றுதான் முதல் முறையாக மலைக்குப் போயிருக்கிறார்கள். வத்தல்மலையிலிருந்து இறங்கும் வழியில், மேலிருந்து மூன்றாவது வளைவில், பெரிய வண்டி நிற்காமல் போயிருக்கிறது. வலப்புறம் பள்ளம், இடப்புறம் வெட்டிய பாறை. மாதப்பன் ஸ்டீயரிங்கை இடப்பக்கம் ஒடித்திருக்கிறார். அவர் இடத்தில் யார் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். பாவாயி இடப்பக்க இருக்கையில் உட்கார்ந்திருந்தார். மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே அவருடைய உயிர் பிரிந்துவிட்டது. மாதப்பனுக்கு வலது மணிக்கட்டும் இரண்டு விலா எலும்புகளும் முறிந்திருந்தன.

காவல் நிலையத்து வளாகத்தில் நிறுத்தியிருந்த வண்டியைச் சோதிக்க மோட்டார் வாகன ஆய்வாளர் வந்தார். வேலை செய்தவர்கள் என்ற முறையில் எங்களையும் அழைத்திருந்தார்கள். மூடியைத் திறந்து சக்கரம் சக்கரமாகப் பார்த்தார். எண்ணெய் கசியவில்லை. குழாய் எங்கும் விரிசல் விடவில்லை. பெடல் சரியாக இருந்தது. இயந்திரக் கோளாறு எதுவும் இல்லை என்று எழுதிக் கையெழுத்திட்டார். சாவி அணைந்த நிலையில் இருந்ததை அவரும் பார்த்தார். ஆனால் விபத்து நடந்த இடத்துக்கு ஓடி வருகிறவர்கள் முதலில் செய்வது சாவியை அணைப்பதுதான் என்பதால் அதைப் பொருட்படுத்தவில்லை.

ஆரோக்கியம் பொருட்படுத்தினார். திரும்பி வரும் வழியில் என்னிடம் கேட்டார். "ஊருல என்ன பேசறாங்க தெரியுங்களா? ஆரோக்கியம் போட்ட பிரேக்கு அந்தம்மாவக் கொன்னுடுச்சுன்னு பேசறாங்க. எம் பொண்ணு காலேஜ் பஸ்ஸுல போறப்ப காதுபடவே சொல்லியிருக்காங்க. அந்தாளு சாவிய அணைச்சிருந்தா அத வெளிய சொல்லுங்க மேடம். நாப்பது வருசம் செஞ்ச கை இது."

"அணைச்சாரான்னு மொதல்ல தெரியணும்" என்றேன். அதற்குச் சொல்லக்கூடியவர் ஒருவர்தான் இருந்தார்.

மறுநாள் மருத்துவமனைக்குப் போனோம். பாவாயியின் அடக்கத்துக்கு மாதப்பனை வேனில் அழைத்துப் போய்த் திரும்ப வார்டில் கொண்டுவந்து விட்டிருந்தார்கள். சக்திவேல் அங்கே இல்லை. ஆரோக்கியம் வாசலிலேயே நின்றுகொண்டார். என்னைப் பார்த்ததும் மாதப்பன் எழ முயன்றார்.

"படுத்திருங்க ஐயா. எறங்கும்போது என்ன ஆச்சுன்னு சொல்ல முடியுங்களா?"

"எப்பவும் போலத்தாங்க எறங்குனேன். மேல எறக்கம் ஆரம்பிக்கற எடத்துல நூட்ரல்ல தள்ளிட்டுச் சாவிய அணைச்சேன். கொஞ்ச தூரம் நல்லாத்தான் புடிச்சுது. அப்பறம் பெடலு செங்கல்லாட்டம் ஆயிடுச்சு. ரெண்டு காலயும் வெச்சு ஏறி மிதிச்சேன்."

"எப்பவுமே அணைச்சுட்டுத்தான் எறங்குவீங்களா?"

"முப்பது வருசமா. மொதல்ல பெட்ரோலுக்காக அணைச்சதுங்க. தொப்பூர்ல எல்லாரும் அப்பிடித்தான எறங்குனோம். அப்பறம் அவளுக்காவ அணைச்சேன். வண்டி சத்தத்துல அவளுக்கு ஒண்ணும் காதுல வுழாது. சத்தம் நின்னாத்தான் பேசுவா. வூட்டுல எங்கீங்க பேசறது? சரக்கு வாங்க ஆளுங்க வந்துக்கிட்டே இருப்பாங்க. கீழ வந்து சேர்றதுக்குள்ள ஒரு வாரத்துப் பேச்சையும் பேசிருவா. அன்னிக்குச் சக்திக்குப் பொண்ணு பாக்கறதப் பத்திப் பேசிக்கிட்டு வந்தா."

கட்டுப் போட்ட மணிக்கட்டைப் பார்த்தபடி தொடர்ந்தார்.

"வண்டி ஏமாத்திப்புடுச்சுங்கம்மா. அத நம்பித்தான ஒக்காந்தா."

அவர் சொன்ன ஒவ்வொன்றும் என்னைப் பொறுத்தவரை ஒரு சாட்சியம். அவருக்கு அது வெறும் துக்கம். தாம் சொன்னதன் பொருள் என்னவென்று அவருக்குத் தெரியவில்லை. வண்டி ஏமாற்றிவிட்டது என்ற எண்ணத்தின் மீதுதான் அந்த மனிதர் படுத்திருந்தார். அதை உருவி எடுத்தால் அவர் எதன் மீது படுப்பார் என்று எனக்குத் தெரியவில்லை.

வெளியே வந்தபோது ஆரோக்கியம் எல்லாவற்றையும் கேட்டிருந்தார். படி இறங்கிக் கீழே வந்து நின்றதும் சொன்னார்: "சொல்ல வேணாங்க மேடம். என் பேரு போனா போவட்டும். இது தெரிஞ்சா அந்த மனுசன் எதுக்குன்னு உசுரோட இருப்பாரு? மவன் மூஞ்சில முழிப்பாரா?"

முதல் நாள் தன் பெயருக்காக அவ்வளவு துடித்தவர் இப்படிச் சொன்னார். அந்த ஒன்றுக்காகவே ஆரோக்கியத்தை நீங்கள் நினைவில் வைத்திருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

எனக்கும் சொல்லாமல் இருந்துவிடத்தான் ஆசை. ஆய்வாளரின் அறிக்கை எங்களைச் சட்டப்படி காத்துவிட்டது. ஊர்ப்பேச்சு சில மாதங்களில் ஓய்ந்துவிடும். ஆனால் அதே பூஸ்டரோடு இன்னும் மூன்று பழைய கார்களை நாங்கள் மாற்றிக் கொடுத்திருந்தோம். அவற்றின் உரிமையாளர்களில் ஒருவரிடமும் நான் எதுவும் கேட்டதில்லை. அன்று மாலையே மூவருக்கும் தொலைபேசியில் பேசினேன். இறக்கத்தில் எந்தக் காரணத்துக்காகவும் எஞ்சினை அணைக்க வேண்டாம் என்றேன். இருவர் சரி என்று கேட்டுக்கொண்டார்கள். மூன்றாமவர் பாப்பிரெட்டிப்பட்டிக்காரர், வாரத்தில் இரண்டு முறை சித்தேரி மலைக்குப் போய் வருபவர்; மாற்றிய வண்டியை முந்தின நாள்தான் எடுத்துப் போயிருந்தார். அவர் மட்டும் திருப்பிக் கேட்டார்.

"ஏங்க, கடத்தூர்க்காரரு அணைச்சுட்டுத்தான் எறங்குனாருங்களா?"

இல்லை என்று சொன்னால் அவர் இந்த எச்சரிக்கையை லேசாக எடுத்துக்கொள்வார். ஆம் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. நான் பேசாமல் இருந்தேன். அவருக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

பாப்பிரெட்டிப்பட்டி கடத்தூருக்குப் பக்கம்தான் என்பது உங்களுக்கே தெரியும். இரண்டொரு நாளில் இந்தச் செய்தி ஏதாவது ஒரு டீக்கடை வழியாக அந்த வீட்டுக்குப் போய்ச் சேரும். 'கிழவன் பெட்ரோலை மிச்சம் பிடிக்கப் போய்ப் பொண்டாட்டியைக் கொன்றான்' என்ற உருவில் போய்ச் சேரும். தந்தையும் மகனும் அதைத் தனித்தனியாக, வேறு வேறு வாயிலிருந்து கேட்பார்கள். மனைவியை இழந்தவர் மகனையும் இழந்துவிடுவார். அது நடப்பதற்கு முன் இருவரும் ஒரே இடத்தில் இருக்கும்போது, நான் செய்ததையும் சேர்த்து, நானே சொல்லிவிட வேண்டும். இதுதான் என் முடிவு. சரியான முடிவுதான் என்று அன்று எனக்கு உறுதி இருக்கவில்லை. இதைவிடக் குறைவாகக் காயப்படுத்தும் வழி எதுவும் தெரியவில்லை, அவ்வளவுதான்.

மறுநாள் காலையில் மாதப்பனை வீட்டுக்கு அனுப்பினார்கள். பிற்பகலில் நான் தனியாகக் கடத்தூர் போனேன். ஆரோக்கியம் வருகிறேன் என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வாசலில் போட்டிருந்த பந்தலில் உறவினர்கள் உட்கார்ந்திருந்தார்கள். சக்திவேல் எழுந்து வந்து வழியை மறித்தாற்போல் நின்றார்.

"ரிப்போர்ட்ட உங்களுக்குத் தோதா எழுதிக்கிட்டீங்க. இப்ப என்னா, ஆறுதல் சொல்ல வந்தீங்களா?"

"இல்ல தம்பி. உங்ககிட்டயும் ஐயாகிட்டயும் ஒண்ணு சொல்லணும். உள்ள போய்ப் பேசலாமா? வேற யாரும் வேணாம்."

அவர் என்ன நினைத்தாரோ, உள்ளே அழைத்துப் போனார். மாதப்பன் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். சக்திவேல் கதவைச் சாத்தினார். எனக்கு நாற்காலி போட்டார்கள். நான் உட்காரவில்லை.

முதலில் என் பங்கைச் சொன்னேன். புதுப் பிரேக்குக்கு ஒரு பூஸ்டர் உண்டு. எஞ்சின் ஓடினால்தான் அது உதவும். எஞ்சின் நின்றால் சற்று நேரத்தில் பெடல் இறுகிவிடும். இதைச் சொல்ல வேண்டியது என் கடமை, நான் சொல்லவில்லை. மலையில் எப்படி இறங்குவீர்கள் என்று கேட்க வேண்டியது என் கடமை, நான் கேட்கவில்லை. லைனிங் கருகியிருந்ததைக் கண்ணால் பார்த்தும் கேட்கவில்லை. பிறகு, பிரேக்கில் ஒரு குறையும் இல்லை என்பதையும் சொன்னேன்.

மாதப்பன் என்னை நிமிர்ந்து பார்த்தார். பந்தலில் யாரோ இருமும் சத்தம் கேட்டது.

"அப்ப, நான் சாவிய அணைக்காம இருந்திருந்தா?"

அந்தக் கேள்வி வரும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டுதான் போயிருந்தேன். சுற்றி வளைத்துச் சொல்லப் பல வாக்கியங்களைச் சேர்த்து வைத்திருந்தேன். அவர் முகத்தைப் பார்த்தபோது அவற்றில் ஒன்றும் உதவவில்லை.

"நின்னிருக்குங்க ஐயா."

"செரி" என்றார்.

சக்திவேல்தான் வெடித்தார். "எத்தன தடவ சொன்னேன் உங்களுக்கு? அணைச்சுட்டு எறங்காதீங்க, அணைச்சுட்டு எறங்காதீங்கன்னு. அம்மாவ ஒக்கார வெச்சுக்கிட்டு... என்னாப்பா மிச்சம் புடிச்சீங்க?" சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று நின்றார். தொழிற்சாலையில் எந்திரங்களோடு பழகியவர். அவருடைய அறிவு அவரைக் காப்பாற்றவில்லை. அடுத்த படிக்கு அது தானாகவே போய்விட்டது. நிறம் மாறிய முகத்தோடு என் பக்கம் திரும்பினார்.

"பழைய பிரேக்குக்கு பூஸ்டர் கெடையாது. அணைச்சாலும் அது புடிக்கும். முப்பது வருசம் புடிச்சுது. மேடம், நான் மாத்தச் சொல்லாம பழசே இருந்திருந்தா..."

"சக்தி" என்றார் மாதப்பன். "அத கேக்காத."

"இல்லப்பா, அவங்க சொல்லட்டும்."

"கேக்காதன்னு சொல்றேன். அந்தம்மாவுக்கு என்னா தெரியும்? நான் ஓட்டுனவன், நான் சொல்றேன் கேளு. பழசு தொப்பூர்லயே எங்க ரெண்டு பேரயும் கொண்டுபோயிருக்கும். லாரிக்கு ஒரு மொழம் பின்னால நின்னுதுன்னு உங்கம்மா சொன்னா. ஒரு மொழம் இல்ல, ஒரு சாண்தான். நீ போட்டது நல்லதுக்குத்தான். சாவி என் கையில இருந்துச்சு. உன் கையில இல்ல."

சக்திவேல் சுவரில் சாய்ந்தபடி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மாதப்பன் கட்டுப் போடாத கையைக் கட்டிலின் விளிம்பிலிருந்து கீழே நீட்டினார். அது மகனுடைய தலைக்கு எட்டவில்லை. சற்று நேரம் கழித்து, சக்திவேல் நகர்ந்து வந்து அதற்கு எட்டும் தூரத்தில் உட்கார்ந்தார்.

பழைய டிரம் அன்று அந்த இறக்கத்தில் தாங்கியிருக்குமா? பலமுறை கணக்குப் போட்டுப் பார்த்தேன். மூட்டைகளின் எடை, சரிவு, கருகிய லைனிங் என்று எதை எப்படிச் சேர்த்தாலும் தெளிவான விடை கிடைக்கவில்லை. தாங்கியிருக்கலாம்; தாங்காமலும் போயிருக்கலாம். மாதப்பனுக்கும் அது தெரிந்திருக்க வழியில்லை. ஆனாலும் அவர் அறிந்தவர் போலப் பேசினார். உண்மையைச் சொல்வது நம் தொழிலின் பாதி என்று என்னிடம் வேலை கற்றவர்களிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன். அன்று அந்த அறையில் நான் செய்தது அந்தப் பாதியை மட்டும்தான். மற்றதை, எலும்பு முறிந்து கட்டிலில் கிடந்தவர் செய்தார்.

நான் புறப்பட்டபோது, "கேட்டிருக்கணுங்க ஐயா நான்" என்று மீண்டும் சொன்னேன். "நீங்க கேக்கல, நான் சொல்லல. போயிட்டு வாங்கம்மா" என்றார். மன்னிப்பு என்று அதை எடுத்துக்கொள்ள எனக்கு இன்றும் துணிவில்லை.

பேச்சு நான் நினைத்தபடியே பரவியது. ஆனால் அது அந்த வீட்டுக்குள் போனபோது புதிதாகச் சொல்ல அதனிடம் ஒன்றும் இருக்கவில்லை. பதினாறாம் நாள் காரியத்தில் உறவினர் ஒருவர் பெட்ரோலைப் பற்றி ஏதோ தொடங்கியிருக்கிறார். "எங்கப்பாவக் கேக்கறதுக்கு நான் இருக்கறேன், நீங்க சாப்பிடுங்க மாமா" என்று சக்திவேல் இலையைக் காட்டியிருக்கிறார். அன்று பந்தியில் இருந்த ஆரோக்கியம் இதை என்னிடம் சொன்னார்.

அதற்குப் பிறகு, மாற்றிய வண்டியைப் பைபாஸில் ஓட்டிக் காட்டி ஒப்படைக்கும் வழக்கத்தை நிறுத்திவிட்டோம். உரிமையாளரை அவர் வழக்கமாகப் போகும் இறக்கத்துக்கே ஓட்டச் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து, ஒன்றும் பேசாமல் கைகளைப் பார்த்துக்கொண்டு வருவோம். மற்ற மூவரோடும் அப்படிப் போனேன். பாப்பிரெட்டிப்பட்டிக்காரருக்கு விஷயம் முழுவதும் தெரியும். தெரிந்திருந்தும், சித்தேரி மலையின் முதல் வளைவு முடிந்ததும் அவருடைய கை தானாகச் சாவிக்குப் போயிற்று. பாதி வழியில் அதைத் தாமே பார்த்துவிட்டு, கையை மடியில் போட்டுக்கொண்டார். டாஷ்போர்டில் எச்சரிக்கை ஸ்டிக்கர் ஒட்டினால் போதாதா என்று நீங்கள் கேட்பீர்கள். ஒட்டுங்கள். கண் அதைப் படிக்கும். முப்பது ஆண்டுப் பழக்கம் கண்ணில் இருப்பதில்லை.

உங்களிடம் வண்டியைக் கொண்டுவருகிறவர் பிரேக்கைப் பற்றிக் கேட்டால், பதில் சொல்வதற்கு முன் அவர் எந்தச் சாலையில், யாரோடு, எப்படிப் போகிறார் என்று கேளுங்கள். அவர் சொல்லும் பதிலில் பாதி உங்களுக்குத் தேவைப்படாத வீட்டுக் கதையாக இருக்கும். பொறுமையாகக் கேளுங்கள். இறக்கத்தில் எஞ்சினை ஏன் அணைத்தார் என்பது அப்படிப்பட்ட ஒரு வீட்டுக் கதைக்குள்தான் இருந்தது.

இதை எழுதலாமா என்று கேட்க இரண்டு வாரங்களுக்கு முன் கடத்தூர் போயிருந்தேன். தந்தையும் மகனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு, எழுதுங்கள் என்று மாதப்பன் சொன்னார்.

அந்த வீட்டில் இப்போது மாதப்பன் இருக்கிறார். சக்திவேல் வெள்ளிக்கிழமை மாலை ஓசூரிலிருந்து பேருந்தில் வந்து, திங்கட்கிழமை விடியும்வரை அவரோடு இருக்கிறார்.